கூண்டேறாத சாட்சி



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'நடத்தையியலில் நனவின் இடம்'. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதுக்கு எதுக்குங்க ஒரு மணி நேரம்? 'இடமில்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடலாமே" என்றார். பாடப்புத்தகமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. வாட்சன் என்ற உளவியலாளர் வந்தார், நனவை வெளியே தள்ளினார், ஐம்பது ஆண்டு கழித்து அறிதல் உளவியல் வந்து அதைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பத்து மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஆனால் நடந்தது அதுவல்ல. வாசல் வழியாக வெளியே தள்ளப்பட்ட ஆள், கொல்லைப்புறமாக வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்த கதை அது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு ரெக்கார்டு நோட்டிலிருந்து தொடங்குகிறேன். உளவியல் படித்தவர்களுக்கு அந்த நோட்டு தெரியும். நான் படித்த காலத்தில், செய்முறை வகுப்பில் நட்சத்திரம் வரைகிற சோதனை ஒன்று உண்டு. தாளில் ஒரு நட்சத்திரம் அச்சிட்டிருக்கும். இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் கையை நேராகப் பார்க்கக் கூடாது. நடுவே ஒரு மறைப்பு. எதிரில் இருக்கும் கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். மேலே போக நினைத்தால் பென்சில் கீழே போகும். வலப்பக்கம் திருப்பலாம் என்றால் கை அப்படியே கல்லாய் நின்றுவிடும். பக்கத்தில் என் சோடி ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் ரெக்கார்டில் இரண்டு பத்திகள் எழுத வேண்டும். ஒன்று, இன்ட்ராஸ்பெக்டிவ் ரிப்போர்ட். வரைந்தபோது உன் மனத்துக்குள் என்ன நடந்தது என்று நீயே சொல்வது. தமிழில் அகநோக்கு என்கிறோம். இன்னொன்று, பிஹேவியரல் ரிப்போர்ட். நீ என்ன செய்தாய் என்று பக்கத்தில் இருந்தவன் சொல்வது. எங்கள் வகுப்பில் எத்தனை பேரோ, அத்தனை பேரின் அகநோக்கு அறிக்கையும் ஒன்றே: 'முதலில் சற்றுப் பதற்றமாக இருந்தது. போகப்போக ஆர்வமாக இருந்தது.' முந்தைய வருடத்து அண்ணன் ஒருவரின் நோட்டிலிருந்து வழிவழியாக வந்த வாசகம் அது. உண்மையில் எனக்குள் என்ன இருந்தது? பசி இருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன். அதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா? எழுதவில்லை. ஆனால் இரண்டாவது பத்தியில் என் சோடி எழுதியதை என்னால் மறுக்க முடியவில்லை. கோட்டைத் தாண்டிப் பென்சில் போன தடம் ஒவ்வொன்றும் தாளிலேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம்.

ஒரே பக்கத்தில் இரண்டு அறிக்கை. மேலே இருப்பது நான் சொன்னது. கீழே இருப்பது நான் செய்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைத்தாள். நண்பர்களே, இருபதாம் நூற்றாண்டு உளவியலின் மிகப்பெரிய சண்டை நடந்தது அந்த ஒரு விரல் இடத்தில்தான்.

சண்டை எப்படி மூண்டது?

1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தை உளவியல் அறிவியலின் பிறப்பிடமாகப் படிக்கிறோம். அங்கே ஆராயப்பட்ட பொருள் நனவு. அவரிடம் படித்த ஆங்கிலேயர் எட்வர்ட் டிட்ச்னர் 1892-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆக்ஸ்ஃபோர்டு அங்கியைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறவர். அகநோக்கை ஒரு தவப்பயிற்சி போல ஆக்கியவர். மேசையில் ஓர் ஆப்பிள் இருக்கிறது. என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். 'ஆப்பிள்' என்றால் தவறு. அது பொருளின் பெயர். உன் நனவில் இருப்பது ஆப்பிள் அல்ல. ஒரு சிவப்பு, ஓர் உருண்டைத்தன்மை, ஓரத்தில் ஒரு மினுக்கம். அதைச் சொல். பொருளின் பெயரைச் சொன்னால் 'தூண்டல் பிழை' என்று தள்ளிவிடுவார். வேதியியலார் தனிமங்களைப் பிரித்தது போல நனவைத் தனிமங்களாகப் பிரித்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை.

நல்ல நம்பிக்கைதான். சிக்கல் எங்கே வந்தது? ஜெர்மனியிலேயே வூர்ட்ஸ்பர்க் என்ற ஊரில், வுண்டிடம் படித்த இன்னொருவர், கியூல்ப்பே, தனியாக ஆய்வுக்கூடம் நடத்தினார். 1901-இல் அங்கே கார்ல் மார்பே ஓர் எளிய சோதனை செய்தார். இரண்டு எடைகளைத் தூக்கிப் பார், எது கனம் என்று சொல். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். சரி, அந்த முடிவுக்கு எப்படி வந்தாய், மனத்துக்குள் பார்த்துச் சொல் என்றபோது ஒன்றும் வரவில்லை. முடிவு வந்தது தெரிகிறது. வந்த வழி தெரியவில்லை. படம் இல்லை, ஓசை இல்லை. எண்ணம் மட்டும் சட்டென்று வந்து நிற்கிறது. 'படிமமற்ற எண்ணம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

டிட்ச்னர் ஒப்புக்கொள்வாரா? எங்கள் ஆட்கள் பார்த்தால் படிமம் இருக்கிறது, தசையின் மெல்லிய உணர்வாவது இருக்கிறது, உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி போதாது என்றார். வூர்ட்ஸ்பர்க்காரர்களும் விடவில்லை. இப்போது யார் தீர்ப்புச் சொல்வது? தராசு பழுதென்றால் இன்னொரு தராசில் நிறுத்துப் பார்க்கலாம். என் மனத்துக்குள் இருப்பதை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியுமா? வழக்கில் ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சி ஊருக்கொரு வாக்குமூலம் கொடுக்கிறது. குறுக்கு விசாரணைக்கு வழியே இல்லை.

அதே காலத்தில் பெர்லினில் ஒரு குதிரை இந்தச் சாட்சியின் மானத்தை இன்னும் கொஞ்சம் வாங்கியது. ஹான்ஸ் என்ற குதிரை. ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வளர்த்தது. கணக்குக் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும். 1904-இல் அறிஞர் குழுவே கூடி ஆராய்ந்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. ஏன்? கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றுக் குனிவார். சரியான எண் வந்ததும் அவரையறியாமல் தலை மயிரிழை அளவு நிமிரும். குதிரை அங்கே நிறுத்திவிடும்.

குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்பதோடு பெரும்பாலும் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு வியப்பு அங்கே இல்லை. ஃபுங்ஸ்ட் அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் தானே குதிரையாக உட்கார்ந்தார். ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவரின் தலையைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே போனார், பிடித்துவிட்டார். அநேகமாக எல்லோரும் தலையை அசைத்தார்கள். அசைத்தது அவர்களுக்குத் தெரியாது. யோசித்துப் பாருங்கள். தன் தலை அசைந்தது படித்த மனிதருக்குத் தெரியவில்லை, குதிரைக்குத் தெரிந்திருக்கிறது! 'உனக்குள் நடப்பதை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்' என்று இனி எந்த முகத்தோடு கேட்பது?

இந்தச் சூழ்நிலையில்தான் வாட்சன் வருகிறார்.

ஜான் பி. வாட்சன், அமெரிக்காவின் தென் கரோலினாக்காரர். சிகாகோவில் வெள்ளெலிகளை வைத்து ஆராய்ந்து 1903-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். ஹார்வி கார் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சோதனை 1908-இல் வெளியானது. சுற்றுப்பாதையில் எலியை நன்றாகப் பழக்கினார்கள். பிறகு நேரான ஒரு பாதையைப் பாதியாகக் குறுக்கி, குறுக்கே சுவரை வைத்தார்கள். எலி ஓடி வந்தது. சுவர் கண்ணெதிரே இருக்கிறது. நேராகப் போய் மோதியது! கண் பார்க்கவில்லை, கால்தான் ஓடியது. இருட்டில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது, பகலில் இடம் மாற்றி வைத்த நாற்காலியில் இடித்துக்கொள்கிறோமே, அதே சங்கதி.

இவ்வளவு அருமையான சோதனையைச் செய்துவிட்டு, அந்தக் கால வழக்கப்படி, 'அப்போது எலியின் நனவில் இன்னது இருந்திருக்கும்' என்று ஊகித்து எழுத வேண்டும். எழுதாவிட்டால், இது உளவியலா, எலி மேய்க்கிற வேலையா என்று கேட்பார்கள். வாட்சனுக்கு எரிச்சல் வந்ததா இல்லையா? வந்தது. 1913 பிப்ரவரியில், 35 வயதில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்த எரிச்சலைக் கொட்டித் தீர்த்தார். அந்த ஆண்டே அது கட்டுரையாக அச்சில் வந்தது. நடத்தையியல் என்று பெயர் பெற்ற அந்தக் கொள்கையின் சாரம் இதுதான்: உளவியல் ஓர் இயற்கை அறிவியல். அதன் வேலை நடத்தையை முன்கூட்டிச் சொல்வது, கட்டுப்படுத்துவது. அகநோக்கு அதற்குத் தேவையில்லை. எலியை ஆராய நனவு வேண்டாம் என்றால் மனிதனை ஆராயவும் வேண்டாம்.

இதில் ஒரு சுவையான செய்தி. வாட்சன் இடித்துத் தள்ளியது டிட்ச்னரின் கோட்டையை. ஆனால் 1920-இல் சொந்த வாழ்க்கைச் சிக்கலால் வாட்சனின் பேராசிரியர் பதவி பறிபோனபோது, ஆதரவாக நின்ற மிகச் சிலரில் டிட்ச்னரும் ஒருவர். கொள்கைச் சண்டை வேறு, மனிதர் வேறு என்று இருந்திருக்கிறார்கள்.

இதுவரை நான் வாட்சன் கட்சி. கூண்டில் ஏறிய சாட்சி பிறழ்சாட்சி. அதன் பேச்சை வைத்து வழக்கு நடத்த முடியாது என்றார். நியாயம்தானே? ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சாட்சியை நம்ப முடியாது என்பதிலிருந்து, சம்பவமே நடக்கவில்லை என்பதற்குத் தாவினார். நனவு என்பது ஆன்மா என்ற பழைய மதக் கருத்துக்குப் புதுச்சட்டை, அவ்வளவுதான் என்று எழுதினார். அப்படியானால் சிந்தனை என்பது என்ன? அதுவும் நடத்தையே என்றார். வாய்க்குள் அடங்கிய பேச்சு. குரல்வளைத் தசைகளின் நுண்ணிய அசைவு. குழந்தை முதலில் உரக்கப் பேசிக்கொண்டே விளையாடுகிறது, அதட்டினால் முணுமுணுக்கிறது, பிறகு உதடு மட்டும் அசைகிறது, கடைசியில் அதுவும் வெளியே தெரிவதில்லை. அதற்குச் சிந்தனை என்று பெயர் வைத்துவிட்டோம் என்பது அவர் வாதம்.

எவ்வளவு அழகான வாதம்! கோயிலில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொள்கிற பாட்டியை நினைத்தால், இருக்கும் போலிருக்கிறதே என்றுகூடத் தோன்றும்.

1924 பிப்ரவரி 5. வாஷிங்டன் நகரம். சுமார் ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் ஒரு விவாத மேடை. ஒரு பக்கம் வாட்சன். அப்போது அவர் விளம்பர நிறுவனத்து ஆள். பேசிக் கவர்வது தொழிலாகவே ஆகியிருந்தது. எதிர்ப்பக்கம் வில்லியம் மக்டூகல், ஹார்வர்டு பேராசிரியர். மக்டூகல் ஓர் உதாரணம் எடுத்தார். ஒரு கச்சேரி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒருவர் நிற்கிறார். குதிரைவால் மயிரைக் கட்டிய ஒரு குச்சியால், விலங்கின் குடலை முறுக்கிச் செய்த நரம்பைத் தேய்க்கிறார். எதிரே ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தேய்ப்பது நின்றதும் எல்லோரும் இரண்டு கைகளையும் மோதி ஓசை எழுப்புகிறார்கள். நடத்தையை மட்டும் பார்க்கிறவருக்கு இது என்ன என்று விளங்குமா? அந்த ஆயிரம் பேரும் எதையோ கேட்டார்கள், அது இனித்தது என்பதைச் சொல்லாமல் கச்சேரியை விளக்க முடியுமா?

நடத்தையை மட்டும் பார்க்கிறவர் நம் சபாக்களுக்கு வந்தால் இன்னும் குழம்பியிருப்பார். இங்கே தொடையைத் தட்டுகிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், 'ப்ச்' என்று உச்சுக் கொட்டுகிறார்கள். உச்சுக் கொட்டுவது ரசித்தா, சலித்தா? வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள் பார்க்கலாம்!

அன்றைக்கு வாக்கெடுப்பு நடந்தது. சிறு வித்தியாசத்தில் மக்டூகல் ஜெயித்தார். ஆனால் பல்கலைக்கழகங்களில் ஜெயித்தது வாட்சன் கட்சி. அடுத்த முப்பது ஆண்டுகள் அமெரிக்க உளவியலில் நனவு என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் உச்சரிக்க முடியவில்லை. அந்தக் கட்சிக்குள்ளேயே டோல்மன் போன்றவர்கள், பாதை பிரியும் இடத்தில் எலி நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பதைச் சுட்டிக்காட்டி, 'இங்கே ஏதோ நடக்கிறது' என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். டோல்மனுக்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். இன்று விட்டுவிடுகிறேன்.

இப்போது 1947-க்கு வாருங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலம். க்யூராரே என்ற பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் நஞ்சு. தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அறுவை சிகிச்சையில் உடலைத் தளர்த்த அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்த காலம். மருத்துவர்களிடையே ஒரு சந்தேகம்: இது தசையை மட்டும் கட்டிப்போடுகிறதா, நனவையும் மயக்குகிறதா? அதைத் தீர்த்துவைக்க ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் தானே மேசையில் படுத்தார்.

மருந்து ஏற ஏற இமை தொங்கியது. பேச்சு போனது. கை போனது, கால் போனது. மூச்சுவிடும் தசையும் நின்றது. மற்றவர்கள் செயற்கையாக மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சுத் தசையை நிறுத்தத் தேவையான அளவைப்போல் இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறியிருந்தது. விரல் நுனியில்கூட அசைவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே கிடந்தது ஓர் உடல். நடத்தை? சுழியம். குரல்வளை அசைவு? அதுவும் சுழியம். வாட்சன் சொன்னது சரியென்றால் அங்கே சிந்தனை நடக்க வாய்ப்பே இல்லை.

மருந்து இறங்கியது. ஸ்மித் பேசினார். தன்னைச் சுற்றி யார் என்ன பேசினார்கள், என்ன செய்தார்கள் என்று சொன்னார். எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது, ஒரு கணம்கூட நினைவு தப்பவில்லை.

ஒருவர் முழு விழிப்போடு, விரலைக்கூட அசைக்க முடியாமல், அடுத்த மூச்சுக்கு இன்னொருவர் கையை நம்பிப் படுத்திருந்திருக்கிறார். இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். கூண்டில் ஏறவில்லை, ஏற முடியவில்லை, ஆனாலும் சாட்சி அங்கேயே இருந்திருக்கிறது.

வாட்சன் விழுந்தாரா? குரல்வளைக் கொள்கை விழுந்தது. ஆனால் கெட்டிக்கார நடத்தையியலாளர் ஒருவர் இப்போது எழுந்து கேட்பார்: 'ஸ்மித்துக்கு நினைவு இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் பிறகு வாய் திறந்து சொன்னதால்தானே? வாய் திறந்து சொல்வது நடத்தை இல்லாமல் வேறென்ன?' கேள்வியில் குறும்பு இருக்கிறது. கூடவே கனமும் இருக்கிறது. அந்தக் கனத்தை முழுசாகத் தூக்கியவர் ஒருவர் உண்டு. அவர்தான் பி.எஃப். ஸ்கின்னர்.

ஸ்கின்னர் என்றதும் புறாவும் பெட்டியும் நினைவுக்கு வரும். நனவை மறுத்தவர் என்று எழுதிப் பழகிவிட்டோம். அவர் 1945-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். அறிவியல் வெளியே தெரிவதை மட்டும் பேச வேண்டும், உள்ளே இருப்பது இருக்கட்டும், அதைத் தொடாதே என்று சில நடத்தையியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இவர் கேலி செய்கிறார். எட்வின் போரிங் என்ற பேராசிரியரின் பெயரை வைத்து ஒரு சிலேடையும் அடிக்கிறார். போரிங் என்றால் ஆங்கிலத்தில் துளைத்தல். வெளிநடத்தையோடு அவர் நின்றுகொள்ளட்டும், எனக்கு உள்ளே துளைத்துப் பார்ப்பதில்தான் ஆர்வம் என்கிறார். பல்வலி உண்மை. அது என் தோலுக்கு உள்ளே நடக்கிறது, அவ்வளவுதான். அதனால் அது வேறு உலகத்துப் பொருள் ஆகிவிடாது. சரி, அந்த வலியைப் பற்றிப் பேச எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? கேள்வி இதுதான்.

நல்ல கேள்வி. சிவப்பு என்ற சொல்லைக் குழந்தைக்கு எப்படிக் கற்பிக்கிறோம்? சிவப்புப் பந்தைக் காட்டிச் 'சிவப்பு' என்கிறோம். பந்து நமக்கும் தெரிகிறது, குழந்தைக்கும் தெரிகிறது. தவறாகச் சொன்னால் திருத்தலாம். வலியை எப்படிக் கற்பிப்பது? குழந்தையின் வலி குழந்தைக்குத்தான் தெரியும்; சொல் நமக்குத்தான் தெரியும். இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுவது?

ஒரு காட்சியைப் பாருங்கள். நடை பழகும் பிள்ளை தடுக்கி விழுகிறது. முழங்காலில் சிராய்ப்பு. வீறிடுகிறது. பாட்டி ஓடி வந்து தூக்குகிறாள். "எங்க வலிக்குது என் கண்ணுக்கு? இங்கியா? இந்தத் தரைதானே அடிச்சுது? இந்தா, தரையை அடிச்சுட்டேன்" என்று தரையை நாலு அடி அடிக்கிறாள். பாட்டி எதைப் பார்த்தாள்? வலியைப் பார்த்தாளா? சிராய்ப்பைப் பார்த்தாள், அழுகையைக் கேட்டாள். வெளியே தெரிந்த இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, வெளியே தெரியாத ஒன்றுக்குச் சொல்லைக் கட்டிவிடுகிறாள். அடுத்த முறை சிராய்ப்பே இல்லாமல் பிள்ளை 'வலிக்குது' என்று சொல்லும். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வேன் வரும் நேரத்துக்கு வருகிற வயிற்றுவலி அந்த வகை. அது பொய்யா மெய்யா என்று எந்தத் தாயாலும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஸ்கின்னர் சொல்லும் சிக்கல் முழுவதும் அந்த வேன் வாசலில் நிற்கிறது.

வெளியே காட்டித்தான் உள்ளே இருப்பதைப் பேசக் கற்றோம் என்பதற்கு நம் மொழியே சான்று. மருத்துவரிடம் போய் என்ன சொல்கிறோம்? காதைக் குடையுது. வயிற்றைப் பிசையுது. நெஞ்சைப் பிடிக்குது. இடுப்பை வெட்டி வெட்டி இழுக்குது. ஊசி குத்துற மாதிரி சுருக்குனு இருக்கு. பல் விண்விண்ணுனு தெறிக்குது. குடைவது, பிசைவது, பிடிப்பது, வெட்டுவது, இழுப்பது, குத்துவது, தெறிப்பது, எல்லாமே நாலு பேர் பார்க்கும்படி வெளியே நடக்கிற காரியங்கள். பட்டறையிலும் அடுக்களையிலும் எடுத்த சொற்களைத்தான் உடம்புக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புடவைக்கடையில் நிறத்தைச் சொல்லச் சொன்னால் மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, வெங்காயத்தோல் நிறம், கிளிப்பச்சை என்று அடுக்குகிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால்? 'ஒரு மாதிரியா இருக்கு.' அவ்வளவுதான்! ஏன் இந்த வறுமை? ஸ்கின்னரின் பதில்: நிறத்தை ஊரார் உங்களோடு சேர்ந்து பார்த்துத் திருத்தினார்கள். மனத்தை யாரும் சேர்ந்து பார்க்க முடியவில்லை. ஆகவே அங்கே சொல்லும் செம்மைப்படவில்லை, பார்வையும் செம்மைப்படவில்லை. டிட்ச்னரின் சாட்சி ஏன் தடுமாறியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

அவர் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறார். தன்னைத் தான் அறிதல் என்ற நனவே சமூகம் தந்தது என்கிறார். வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்புகிறீர்கள். சிக்னலில் நின்றீர்கள், பள்ளத்தை ஒதுக்கினீர்கள், மாட்டுக்கு வழிவிட்டீர்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது வந்த வழி எதுவும் மனத்தில் இல்லை. "வர்ற வழியில மெடிக்கல் ஷாப் தெறந்திருந்துச்சா?" என்று மனைவி கேட்கிறார். அப்போதுதான் யோசித்து, 'ஆமா, லைட் எரிஞ்சுது' என்கிறீர்கள். கேட்டதால்தான் பார்த்தது தெரிந்தது. 'என்ன செய்கிறாய், என்ன பார்த்தாய், ஏன் அழுகிறாய்' என்று ஊரார் சிறுவயதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நமக்குள் நாமே பார்க்கப் பழகினோம் என்பது அவர் சொல்வது. தனித்தீவில் பிறந்து வளர்ந்த மனிதனுக்கு வலி இருக்கும். தனக்கு வலிக்கிறது என்ற அறிவு இருக்காது.

இங்கேதான் எனக்கு அவரோடு பாதி உடன்பாடு, பாதி சண்டை. வலிப்பது வேறு, வலிக்கிறது என்று அறிவது வேறு என்று பிரித்தது அருமை. இரண்டாவதை விளக்கினார். முதலாவதை 'இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டார். பாட்டி சொல்லைக் கட்டுவதற்கு முன்பே பிள்ளை வீறிட்டதே, அந்த வீறிடலுக்குள் என்ன இருந்தது? அதைப் பற்றி அவருடைய பக்கங்களில் நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. 1990 ஆகஸ்டில், இறப்பதற்கு முந்தைய நாள்வரை அவர் ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். உளவியல் மனத்தின் அறிவியலாக முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. 86 வயதில் அவர் சொன்ன பதில், முடியாது.

நடத்தையியலார் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு துணுக்கு உண்டு. இரண்டு நடத்தையியலாளர்கள் தெருவில் சந்தித்தார்களாம். ஒருவர் சொன்னாராம்: "நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன்?"

சிரிக்கலாம். ஆனால் மருத்துவமனையில் இந்தத் துணுக்கை வைத்துச் சிரிக்க முடியாது. க்யூராரே வகை மருந்துகள் இன்றும் அறுவை அரங்கில் உண்டு. மயக்க மருந்து போதாமல் போய், உடல் மட்டும் கட்டுண்டு, ஆள் விழித்திருந்தால்? எப்படித் தெரியும்? ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர மருத்துவர் டன்ஸ்டல் 1977-இல் ஓர் எளிய வழியை எழுதினார். தசையைத் தளர்த்தும் மருந்து ஏற்றும் முன், ஒரு கையில் மட்டும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கிவிடுங்கள். அந்தக் கைக்கு மருந்து போகாது. பிறகு காதருகே, 'கேட்கிறதா? கேட்டால் என் கையை அழுத்துங்கள்' என்று சொல்லுங்கள். சாட்சிக்காக உடம்பில் ஒரே ஒரு சன்னலைத் திறந்து வைக்கிற வேலை.

சிலர் அழுத்துகிறார்கள். அதைவிட விந்தை, விழித்த பிறகு அவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் 'எதுவும் நினைவில்லை' என்கிறார்கள். ஸ்மித்தின் கதையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தது போல் இல்லையா? அவரிடம் அப்போது நடத்தை இல்லை, பிறகு வாக்குமூலம் இருந்தது. இவர்களிடம் அப்போது நடத்தை இருந்தது, பிறகு வாக்குமூலம் இல்லை. யாரை நம்புவது? அழுத்திய கையையா, மறுக்கும் நாவையா?

நம் மொழியில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. நாம் நனவையும் நினைவு என்கிறோம், ஞாபகத்தையும் நினைவு என்கிறோம். 'ஆபரேஷன்ல எனக்கு நினைவே இல்லை' என்று ஒருவர் சொன்னால், அப்போது விழித்திருக்கவில்லை என்கிறாரா, விழித்திருந்தது மறந்துபோயிற்று என்கிறாரா? அவருக்கே தெரியாது. முன்பெல்லாம் இதைச் சொல்லின் வறுமை என்று நினைத்திருந்தேன். கையை அழுத்தியவர்களைப் பற்றிப் படித்தபிறகு, அந்தச் சொல்லை இரண்டாகப் பிரிக்கத் துணிச்சல் வரவில்லை.

அழுத்தக் கைகூட அசையாதவரிடம் என்ன செய்வது? 2006-இல் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், சாலை விபத்துக்குப் பிறகு எந்தத் துலங்கலும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, 'டென்னிஸ் விளையாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். பிறகு, 'உங்கள் வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக நடந்து போவதாக நினையுங்கள்' என்றார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் அப்படி நினைக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகள் வேலை செய்யுமோ, அவளுக்கும் அவையே செய்தன. ஒரு விரல் அசையவில்லை. ஸ்கேனில் தெரிந்ததை நடத்தை என்று சொல்வதா? வாட்சன் இருந்திருந்தால், 'சொல்லுங்கள், குரல்வளைக்குப் பதில் மூளை, அவ்வளவுதானே' என்று தோளைக் குலுக்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். அறிஞர்களுக்குள் அந்த ஆய்வின்மீது வாதம் ஓயவில்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தார். உள்ளே போக ஐந்து நிமிடம்தான் விடுவார்கள். நான் போனபோதெல்லாம் என்ன பேசுவது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருவேன். இத்தனை வருஷம் உளவியல் படித்த ஆள்! இரவுப் பணிக்கு ஒரு நர்ஸ் வந்தாள். சின்னப் பெண். ஊசியை எடுத்துக்கொண்டு அத்தையின் காதுப் பக்கம் குனிந்து, "பாட்டிம்மா, எடது கையில ஊசி போடப் போறேன், லேசா வலிக்கும், சரியா?" என்றாள். ஒரு நொடி நின்றாள். பதிலுக்குக் காத்திருப்பது போலவே நின்றாள். பிறகு குத்தினாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அவங்களுக்குக் கேட்குமாம்மா?"

"தெரியல சார்," என்றாள். "சொல்லாமக் குத்த மனசு வரல."

கேள்விகளுக்கு இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது என்று அவைத்தலைவர் சைகை காட்டுகிறார். பின்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.